மேக்கப் ரிமூவர்கள்: ஒரே முகத்தில் ஆறு வகை போட்டுப் பார்த்த கதை

வாரத்தில் ஐந்து நாள் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவது என் வேலை. அதனால் மேக்கப் எனக்கு ஆசைக்குப் போடுவது கிடையாது, சம்பளத்துக்குப் போடுவது. ஃபவுண்டேஷன், கன்சீலர், வியர்வைக்கும் தண்ணீருக்கும் அசையாத ஐலைனர், வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா, எல்லாவற்றுக்கும் மேலே செட்டிங் ஸ்ப்ரே என்று பத்து மணி நேரம் முகத்தில் குடியிருக்கிற சமாச்சாரம். போட்டுவிட ஆள் இருக்கிறார், நல்ல விளக்கு இருக்கிறது, பெரிய கண்ணாடி இருக்கிறது. எடுக்கிற நேரத்தில் மட்டும் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நானும் குளியலறைக் குழாயும்தான்.

பல வருஷம் குழாய் வரைக்கும்கூடப் போனதில்லை என்பதுதான் உண்மை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட் மேக்கப் வைப்ஸ் இருக்கும், படுத்தபடியே இரண்டு உருவி முகத்தைப் பரபரவென்று தேய்த்துவிட்டுத் தூங்கிவிடுவேன். காலையில் தலையணை உறையில் கறுப்பாக ஒரு தீற்றல் இருக்கும். அது நேற்றையது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உறையைத் திருப்பிப் போட்டுவிடுவேன்.

அப்புறம் வலது கண்ணின் மேல் இமையில் ஓரமாக ஒரு அரிப்பு ஆரம்பித்தது. முதலில் லேசான சிவப்பு, அடுத்து தோல் கசங்கிய டிஷ்யூ பேப்பர் மாதிரி சுருங்கி உரிய ஆரம்பித்தது. ஐலைனர்தான் காரணம் என்று முடிவுகட்டி மூன்று ஐலைனர் மாற்றினேன். சரியாகவில்லை. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனால், நான் கொண்டுபோயிருந்த ஐலைனர்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதையெல்லாம் எதை வச்சு எடுக்கறீங்க?" என்று கேட்டார். வைப்ஸ் என்றேன். "எடுத்துட்டுக் கழுவுவீங்களா?" பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்தேன்.

பல பொருள்களைத் தோலில் ஒட்டி எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்ததில் மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்தும் பொருள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் ஊரறிந்த ஆசாமி. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-இல் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது, பிற்பாடு ஐரோப்பிய ஒன்றியம் தோலில் பூசிவிட்டு அப்படியே விட்டுவிடும் அழகுப் பொருள்களில் இதைச் சேர்க்கவே கூடாது என்று தடை போட்டது. ஈரமான எதையும் மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்க ஏதாவது ஒரு பதப்படுத்தும் பொருள் வேண்டும், வைப்ஸ் என்பதோ ஈரத்தாலேயே ஆன பொருள். அதை முகத்தில் தேய்த்துவிட்டுக் கழுவாமல் தூங்கினால் அந்த ஈரத்தில் என்னவெல்லாம் இருந்ததோ அதெல்லாம் விடிய விடிய இமை மேல்தான். எல்லா வைப்ஸிலும் இது இருக்கும் என்று சொல்லவில்லை, என் பாக்கெட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த இமை சரியாக ஆறு வாரம் ஆனது. அதன் பிறகுதான் ரிமூவர் வாங்குவதைக் கொஞ்சம் புத்தியோடு செய்யலாம் என்று தோன்றியது, ஒவ்வொரு வகையாக வாங்கிப் பார்க்க ஆரம்பித்தேன். பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே பெயரில் விற்பதன் சேர்மானத்தையே சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்கள், அதனால் வகையைப் பற்றிப் பேசுவதுதான் உங்களுக்கு உபயோகம்.

சோதித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உள் முன்கையில் வரிசையாக நாலு கோடு: சாதாரணக் காஜல், வாட்டர்ப்ரூஃப் ஐலைனர், நாள் முழுக்க நிற்கும் லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன். அரை மணி நேரம் காயவிட்டு, ஒவ்வொரு ரிமூவரையும் வைத்து எத்தனை இழுப்பில் கோடு போகிறது என்று எண்ணினேன். கை சிவக்கிறதா, எவ்வளவு நேரத்தில் சிவப்பு அடங்குகிறது என்றும் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றையும் முகத்தில் இரண்டு வாரம். என்னுடையது கலவையான சருமம், நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும், கன்னம் காய்ந்து கிடக்கும். இது ஆராய்ச்சி ஒன்றும் கிடையாது, ஒரே ஒரு முகத்தின் அனுபவம். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வைப்ஸ். பழைய பாக்கெட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த வேண்டாத பொருள் இல்லாத வேறொன்றை வாங்கினேன், வஞ்சம் தீர்க்கிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். காஜல் நாலு இழுப்பில் போனது. ஃபவுண்டேஷன் போகவில்லை, நகர்ந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு மெல்லிய பழுப்புப் படலமாகக் குடிபெயர்ந்தது. வாட்டர்ப்ரூஃப் ஐலைனரில் இருபத்திரண்டு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன், கோடு சாம்பல் நிறத்தில் இன்னும் இருந்தது, அதைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. முன்கைத் தோலுக்கே அந்தக் கதி. கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது.

மேல்தோலின் வெளி அடுக்கு முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, நடுவில் செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து மாதிரி பூசியிருக்கும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமலும் வெளியே இருக்கிற கண்டதும் உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான். தேய்க்கத் தேய்க்கச் செங்கல் பெயரும், காரமான சோப்பு போட்டால் சாந்து கரையும். ஒரு ராத்திரியில் ஒன்றும் தெரியாது. தினமும் செய்தால் முகம் இழுத்துப் பிடிக்கும், அதற்கு முன்னால் ஒன்றுமே செய்யாத க்ரீம் எரிய ஆரம்பிக்கும், மூக்கோரம் தோல் உதிரும். அதனால் நான் பார்த்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: எது குறைவாகத் தேய்க்க வைக்கிறது?

அந்தக் கணக்கில் வைப்ஸுக்கு 5-க்கு 1. பயணத்தில், தண்ணீரே கிடைக்காத இடத்தில், மேக்கப்போடு தூங்குவதை விட இது பரவாயில்லை. தண்ணீர் கிடைத்ததும் கழுவிவிடுங்கள்.

மைசெல்லர் வாட்டர் அடுத்து. பார்த்தால் வெறும் தண்ணீர், குலுக்கினால் லேசாக நுரைக்கும். உள்ளே இருப்பது மென்மையான நுரைப்பொருள் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை விரும்பும் தலை, எண்ணெயை விரும்பும் வால். தண்ணீரில் போட்டால் வால்களையெல்லாம் உள்ளே மறைத்துக்கொண்டு குட்டிக் குட்டி உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும், அதுதான் மைசெல். பஞ்சில் நனைத்து முகத்தில் வைத்ததும் அந்த வால்கள் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்கின்றன.

சாதாரண நாள் மேக்கப்புக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. காஜல் மூன்று இழுப்பு, ஃபவுண்டேஷன் ஐந்து, கையும் சிவக்கவில்லை. வாட்டர்ப்ரூஃப் ஐலைனரிடம் மட்டும் தோற்றுப்போனது, பதினான்கு இழுப்புக்குப் பிறகும் நடுக்கோடு மிச்சம். இதில் இரண்டு தப்பு செய்தேன். முதலாவது, பஞ்சில் சிக்கனம் பிடித்தது. பாதி நனைந்த பஞ்சு என்பது கிட்டத்தட்ட உப்புத்தாள்தான். சொட்டுகிற அளவுக்கு நனைத்து, மூடிய கண் மேல் வைத்து, மெதுவாக முப்பது எண்ணி, அப்புறம் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. அந்த முப்பதில்தான் வேலை நடக்கிறது, கை சும்மா இருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு அந்த அரை நிமிஷம் அரை மணி நேரம் மாதிரி இருக்கும், எனக்கும் இருந்தது.

இரண்டாவது தப்பு, பாட்டிலில் கழுவ வேண்டாம் என்று போட்டிருந்ததை நம்பியது. முதல் வாரம் கழுவவில்லை. நாலாவது நாள் கன்னம் பிசுபிசுப்பாகவும் அதே சமயம் இழுத்துப் பிடித்தாற்போலவும் இருந்தது, மாய்ஸ்சரைசர் போட்டால் சுருக்கென்றது. மேக்கப்பைப் பிடித்த நுரைப்பொருள் பஞ்சோடு முழுசாகப் போய்விடுவதில்லை, கொஞ்சம் முகத்தில் தங்குகிறது. மென்மையானதுதான் என்றாலும் ராத்திரி முழுக்க அங்கே அதற்கு வேலை இல்லை. இரண்டாவது வாரம் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ ஆரம்பித்ததும் அந்தப் பிரச்சினை போயே போய்விட்டது. 5-க்கு 3.5, கழுவுகிறவர்களுக்கு மட்டும்.

இரண்டு அடுக்கு ரிமூவர் ஒன்று இருக்கிறதே, பாட்டிலில் மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறமாகப் பிரிந்து நிற்குமே, அது கண்ணுக்கென்றே செய்தது. மேலே எண்ணெய், கீழே தண்ணீர். குலுக்கியதும் கொஞ்ச நேரம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், அந்த அவகாசத்துக்குள் பஞ்சில் ஊற்றிவிட வேண்டும். என் கையில் வாட்டர்ப்ரூஃப் ஐலைனரை இரண்டே இழுப்பில் எடுத்தது. இரண்டு! வைப்ஸில் இருபத்திரண்டு எண்ணியவளுக்கு இதைப் பார்த்ததும் கொஞ்சம் கோபமே வந்தது, இத்தனை வருஷம் இமையைப் பிறாண்டிக்கொண்டிருந்தோமே என்று.

இதில் மாயமொன்றும் இல்லை. தண்ணீரில் அழியாத மேக்கப் மெழுகாலும் சிலிகோனாலும் பிலிம் போலப் படியும் பாலிமராலும் ஆனது. பூசும்போது இளக்கமாக இருப்பதற்கு ஐசோடோடெக்கேன் மாதிரி ஆவியாகிவிடும் கரைப்பான் ஒன்று சேர்த்திருப்பார்கள், அது ஆவியானதும் மிச்சம் தோலில் இறுகிவிடும். தண்ணீர் இதன் பக்கத்தில் வரமுடியாது, அதற்காகத்தானே செய்தார்கள். எண்ணெய்க்குத்தான் இது இளகும். முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அதேதான்.

குறை என்னவென்றால், கண்ணுக்குள் ஒரு துளி போனாலும் சில நிமிஷத்துக்கு உலகமே மங்கலாகத் தெரியும். எரியாது, ஆனால் படிக்கட்டில் இறங்கிவிடாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மேக்கப் போடுவதற்கு முன்னால் லென்ஸைப் போட்டுக்கொண்டு, மேக்கப் எடுப்பதற்கு முன்னால் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டவைத்த நீட்டு இமைமுடி வைத்திருப்பவர்களுக்கும் இது ஆகாது, எண்ணெய் பட்டால் பசை விட்டுக்கொடுத்துவிடும். கண்ணுக்கு மட்டும் என்றால் 5-க்கு 4. முழு முகத்துக்கும் ஊற்றினால் பாட்டில் ஒரே வாரத்தில் தீரும்.

கோல்டு க்ரீமை இந்தப் பட்டியலில் சேர்த்ததற்குப் பாதிக் காரணம் அதன் வயசுதான். தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் பன்னீரையும் குழைத்து இதைச் செய்தவர் என்று 2-ஆம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் கேலனைச் சொல்வார்கள். தோலில் பூசியதும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிச் சில்லென்று இருக்கும், கோல்டு என்ற பெயர் அதனால்தான். நாடக நடிகர்கள் கனமான ஒப்பனையைக் கலைக்கப் பல தலைமுறையாக நம்பியது இதைத்தான். இன்றைக்கும் கலைக்கத்தான் செய்கிறது, ஐலைனர் நாலு இழுப்பு, லிப்ஸ்டிக் மூன்று. ஆனால் அதற்கப்புறம் இதைக் கலைக்க ஒன்று தேவைப்படுகிறது. டிஷ்யூவில் துடைத்தாலும் மெழுகுப் படலம் உட்கார்ந்துகொள்கிறது, என் மூக்குப் பக்கம் பத்தே நாளில் குட்டிக் குட்டிக் கட்டிகள். முழுக்கக் காய்ந்த சருமக்காரர்களுக்குச் சொர்க்கமாக இருக்கலாம். எனக்கு 5-க்கு 2.5.

மைக்ரோஃபைபர் துணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் போதும் என்கிறார்கள், ஃபவுண்டேஷன் அளவில் அது உண்மைதான், மெல்லிய இழைகள் நன்றாகவே அள்ளுகின்றன. ஆனால் இதுவும் தேய்ப்புதான், தினமும் துவைக்க வேண்டும், ஈரமாக ஒரு நாள் தொங்கவிட்டால் வாடை வரும். விட்டுவிட்டேன்.

இனி நான் உண்மையில் பேச வந்த விஷயம். க்ளென்சிங் ஆயில், க்ளென்சிங் பாம் இரண்டும் அண்ணன் தம்பி. ஒன்று பாட்டிலில் திரவமாக இருக்கும், மற்றது டப்பாவில் உறைந்த வெண்ணெய் மாதிரி இருக்கும். இரண்டிலும் எண்ணெயோடு கூட ஒரு எமல்சிஃபையர் கலந்திருக்கும், அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் கைகோக்க வைக்கிற பொருள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எண்ணெய்தானே வேண்டும் என்று அலமாரியில் இருக்கிற எந்த எண்ணெயையும் முகத்தில் பூசிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். மேக்கப் கரையத்தான் கரையும். ஆனால் எமல்சிஃபையர் இல்லாத எண்ணெய் தண்ணீரில் போகாது, அதைப் போக்க இன்னொரு கடுமையான சோப்பு வேண்டும், முதல் படியில் காப்பாற்றிய தோலை இரண்டாவது படியில் கெடுத்த கதையாகிவிடும். போதாததற்கு ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் அமிலம் அதிகம், மேலே சொன்ன சுவரின் சாந்தை அது இளக்கிவிடும். பாட்டிலில் க்ளென்சிங் ஆயில் என்று இருந்தால், சேர்மானப் பட்டியலில் பாலிசார்பேட் என்றோ பி.இ.ஜி. என்று தொடங்கும் ஒரு நீளமான பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் எமல்சிஃபையர்.

ஆயிலை முதல் நாள் கெடுத்துக்கொண்டது நான்தான். பழக்க தோஷத்தில் முகத்தை நனைத்துவிட்டு ஈரக் கையில் ஊற்றிப் பூசினேன். உடனே பாலாகிப் போனது, ஒரு மேக்கப்பும் கரையவில்லை, இது எதற்கும் லாயக்கில்லை என்று விமர்சனம் எழுதாத குறை. மறுநாள்தான் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன்: காய்ந்த கை, காய்ந்த முகம்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று பாம் வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்தது அதுதான். கொட்டைப் பாக்கு அளவு எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்தால் பத்து விநாடியில் இளகி எண்ணெயாகிவிடும். கன்னத்தில் ஆரம்பித்து விரல் நுனியால் வட்டமாகப் பூச வேண்டும், அழுத்தமே வேண்டாம், கண்ணாடி மேல் விரல் வழுக்குகிற மாதிரி. அரை நிமிஷத்தில் ஃபவுண்டேஷன் கலங்கி முகமே சேறாகிவிடும். அதற்கப்புறம்தான் கண்ணுக்குப் போக வேண்டும், மூடிய இமை மேல் மோதிர விரலால் உள்ளிருந்து வெளியே. மஸ்காரா கம்பளிப்பூச்சி மாதிரித் திரளும், பிறகு கரைந்து ஓடும். இந்த நிலையில் கண்ணாடியைப் பார்த்தால் பேய் மாதிரி இருப்பீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். இப்போது விரலை மட்டும் தண்ணீரில் நனைத்து மறுபடி அதே வட்டம். பழுப்பும் கறுப்புமாக இருந்த எண்ணெய் அப்படியே வெளுத்துப் பாலாக மாறும். அந்த ஒரு நொடிக்காகவே நான் இதை வாங்கலாம் என்பேன். பாலாகாத இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம், மூக்கோரத்தையும் முடி தொடங்கும் இடத்தையும் தாடைக்கு அடியையும் எல்லாரும் மறந்துவிடுவோம். எல்லாம் வெளுத்த பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும்.

முன்கையில் எத்தனை இழுப்பு என்று கேட்டால் என்னிடம் எண்ணிக்கை இல்லை. இழுக்கவே இல்லை, பூசினேன், கழுவினேன், நாலு கோடும் போய்விட்டது. தோலும் பழைய நிறத்திலேயே இருந்தது.

பாமுக்கு 5-க்கு 4.5, ஆயிலுக்கு 4. ஆயிலுக்கு அரை மதிப்பெண் குறைத்தது அது முழங்கை வரை வழிவதற்கும், கண்ணுக்குள் ஓடுவதற்கும். பாமிலும் அரை போனதற்குக் காரணம் டப்பா. விரல் விட்டுத் தோண்டக் கூடாது என்று ஒரு குட்டிக் கரண்டி தருகிறார்கள், அது மூன்றாவது நாளே தொலைந்துபோகிறது, பிறகு ஈர விரலை விட்டு டப்பாவுக்குள் தண்ணீரும் கிருமியும் சேர்க்கிறோம். டியூபில் வரும் பாம்களும் உண்டு, அடுத்த முறை அதைத்தான் வாங்குவேன். இன்னொன்று, நான் முதலில் வாங்கிய பாமில் பூ வாசனை தூக்கலாக இருந்தது, கண் பக்கம் போனதும் பொலபொலவென்று கண்ணீர். மூடியைத் திறந்ததும் ஆகா என்று சொல்ல வைப்பதையெல்லாம் திரும்ப மூடிவிடுங்கள். வாசனைப் பொருள் சேர்க்காதது என்று தெளிவாகப் போட்டிருப்பதை எடுங்கள், வாசனையற்றது என்று மட்டும் போட்டிருந்தால் மூல வாடையை மறைக்க ஏதாவது சேர்த்திருக்கவும் கூடும்.

அட்டைப் பெட்டியில் இருக்கிற மற்ற வார்த்தைகளையும் ரொம்ப நம்ப வேண்டாம். ஹைபோஅலர்ஜெனிக், அதாவது ஒவ்வாமை வர வாய்ப்பு குறைவு என்று போட அமெரிக்காவில் அரசு வகுத்த அளவுகோல் எதுவும் கிடையாது, கம்பெனி சொல்வதுதான். நான்-காமெடோஜெனிக், அதாவது சருமத் துளையை அடைக்காது என்பதும் அந்த ரகம். எந்த எண்ணெய் துளையை அடைக்கும் என்று 0 முதல் 5 வரை எண் போட்டு ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு அடிப்படை முயலின் காதில் பூசிப் பார்த்த சோதனைகள். முயல் காது நம் கன்னத்தை விடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதை விட உங்கள் முழங்கையின் உள்பக்கம் நம்பகமானது. ஒரு சின்ன இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் போட்டுப் பாருங்கள், கழுவிவிடுகிற பொருள் என்றால் ஐந்து நிமிஷம் வைத்துக் கழுவுங்கள். எனக்கு அந்தப் பொறுமை இமை உரிந்த பிறகுதான் வந்தது.

பாமுக்கு அப்புறம் ஃபேஸ் வாஷ் வேண்டுமா? கனமான மேக்கப் நாளில் ஆம், கொஞ்சமாக. இப்படி எண்ணெயால் ஒரு முறை, நுரையால் ஒரு முறை என்று இரண்டு முறை கழுவுவது ஜப்பானிலும் கொரியாவிலும் வழக்கமாகி அங்கிருந்து உலகம் பூராவும் போனது. நல்லதுதான், ஆனால் மேக்கப்பே போடாத நாளிலும் இரண்டு முறை கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. சும்மா வீட்டில் இருந்த முகத்துக்கு ஒரு மென்மையான ஃபேஸ் வாஷே தாராளம். அந்த ஃபேஸ் வாஷும் சோப்புக் கட்டியாக இருக்கக் கூடாது. தோலின் பி.எச். சுமார் 5, லேசான அமிலத்தன்மை. பாரம்பரிய சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். கழுவியதும் முகம் கீச்சென்று சுத்தமாக இருக்கிறது என்று சொல்வோமே, அந்தக் கீச் சத்தம்தான் சாந்து கரைந்த சத்தம்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், ஆவி பறக்க வேண்டாம். துண்டால் ஒற்ற வேண்டும். ஒற்றிய பிறகு முகத்தில் லேசான ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போட்டுவிடுங்கள். கிளிசரினோ செராமைடோ இருக்கிற சாதாரண க்ரீம் போதும், தங்கத் துகளெல்லாம் வேண்டாம். நான் டப்பாவைக் குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன், கட்டில் வரை நடந்துபோவதற்குள் மறந்துவிடுகிறது.

மேக்கப் பெட்டியிலும் ஒரு மாற்றம் செய்தேன். வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவை நிறுத்திவிட்டு டியூபிங் மஸ்காரா என்கிற வகைக்கு மாறினேன். இது ஒவ்வொரு இமைமுடியையும் குட்டிக் குழாய் மாதிரி சுற்றிக்கொள்ளும் பாலிமர். வியர்வைக்கும் முகத்து எண்ணெய்க்கும் அசையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு மெதுவாக உருவினால் குழாய் குழாயாகக் கழன்று கையோடு வரும். முதல் தடவை பார்த்தபோது இமைமுடியே உதிர்ந்துவிட்டது என்று அலறிவிட்டேன். ரிமூவர் விமர்சனத்தில் மஸ்காராவுக்கு மதிப்பெண் போடக் கூடாது, இருந்தாலும் 5-க்கு 5.

தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டுமே. மினுக்கு. கண்ணிமையில் போடும் பளபளப்புத் துகள்களைப் பாமும் முழுசாக எடுக்கவில்லை, கரைவதற்கு அது மெழுகு இல்லை, பிளாஸ்டிக்கோ அபிரகமோதான். தேய்த்தால் கீறும். பாம் தடவி மிதக்கவிட்டுக் கழுவினேன், மிச்சம் இருந்ததை நனைந்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன், அப்படியும் மறுநாள் மீட்டிங்கில் காதோரம் ஒன்று மின்னியது. அப்படியே விட்டுவிட்டேன். ஒரு துகளுக்காக இமையைத் தேய்ப்பதை விட மின்னிவிட்டுப் போகட்டும்.

யாருக்கு எது என்று கேட்பவர்களுக்கு: தினமும் ஐலைனர், ஃபவுண்டேஷன் என்று போகிறவர்கள் பாம் வாங்குங்கள். சன்ஸ்கிரீனும் காஜலும் மட்டும் என்றால் மைசெல்லர் வாட்டரும் குழாய்த் தண்ணீரும் போதும். இமையில் ஏற்கெனவே சிவப்போ அரிப்போ இருந்தால் ரிமூவர் மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்காமல் கண் மேக்கப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், நான் வீணாக்கிய மூன்று ஐலைனரை நீங்களும் வாங்க வேண்டாம்.

அந்தப் பழைய வைப்ஸ் பாக்கெட்டில் பாதி மிச்சம் இருந்தது. தூக்கிப் போட மனசில்லை. இப்போது அது செருப்பு அலமாரியில் இருக்கிறது, வெள்ளை ஷூவின் ரப்பர் ஓரத்தைத் துடைக்க அதை மிஞ்சியது இல்லை. கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுகிறேன்.